அரசரைக் கூண்டில் ஏற்றிய பிரகடனம்: கேள்வி பதில்

வியாசர்பாடி வாசகர் வட்டம் சென்ற மாதம் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தைப் படித்தது. உறுப்பினர்கள் எழுதித் தந்த கேள்விகளுக்கு, அரசியல் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி (சட்ட மாணவி, கொடுங்கையூர்): ஐயா, 1776 ஜூலை 4 அன்று ஏற்கப்பட்ட இந்த ஆவணம் உணர்ச்சி உரையா, வாதமா?

பதில்: வாதம்தான் அம்மா. மக்களின் சம்மதத்தால்தான் அரசுக்கு அதிகாரம் வருகிறது, உரிமைகளை அழிக்கும் அரசை மக்கள் மாற்றலாம் என்று முதலில் பொது விதியை நிறுவுகிறார் வரைவை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன். அற்பக் காரணங்களுக்காக நெடுநாள் அரசை மாற்றக் கூடாது என்று தாமே சொல்லிவிடுவதால், அவசரக்காரர்கள் என்ற பழி எழுவதற்கு முன்பே அடைபட்டுப் போகிறது. பிறகுதான் குற்றப் பட்டியலும், அதிலிருந்து பிரிட்டனிடமிருந்து பிரிவினை என்ற முடிவும் வருகின்றன.

கேள்வி (ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளி, பெரம்பூர்): 1765இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் மீது முத்திரை வரி விதித்தது பிரிட்டிஷ் பார்லிமென்ட். பழியை ஏன் அரசர் மூன்றாம் ஜார்ஜ் மீது போட்டார்கள்?

பதில்: ஆவணத்தின் சாமர்த்தியமே இதில்தான் இருக்கிறது. தங்கள் மீது பார்லிமென்டுக்கு அதிகாரமே இல்லை என்று குடியேற்றத்தார் வாதிட்டு வந்ததால், அதனிடமிருந்து விலகுகிறோம் என்று எழுதினால் அந்த அதிகாரத்தை ஒப்புக்கொண்டது போலாகிவிடும். ஆகவே அந்தப் பெயரே ஆவணத்தில் வராது. 'மற்றவர்கள்' என்றும் 'அவர்களது சட்டமன்றம்' என்றும் ஒதுக்குப்புறமாகத்தான் வரும். வாக்கியத்துக்கு வாக்கியம் 'அவர் இதைச் செய்தார்' என்றே தொடங்கும். சங்கத்தில் மனு எழுதியவர் நீங்கள். நிர்வாகம் என்று பொதுவாக எழுதுவதைவிட உத்தரவில் கையெழுத்திட்ட ஒருவரைக் குறிப்பிட்டால் மனு எப்படிச் சூடு பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வரிசையையும் கவனியுங்கள்: சட்டங்களுக்கு ஒப்புதல் மறுத்தார் என்று அலுவலக நடையில் தொடங்கி, கடற்கரைகளைச் சூறையாடினார், ஊர்களை எரித்தார் என்று ஏறி, இந்த நேரத்திலேயே கூலிப்படைகளை அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்று நிகழ்காலத்துக்குத் தாவுகிறது. நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தவரும் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்.

கேள்வி (ஆசிரியை, தண்டையார்பேட்டை): எல்லோரும் சமம் என்றவர்கள் அடிமைகளை வைத்திருந்தார்களே?

பதில்: ஜெஃபர்சனும் வைத்திருந்தார். அடிமை வணிகத்துக்கும் அரசரையே குற்றம் சாட்டிய ஒரு பத்தி அவரது வரைவில் இருந்தது. குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சபையான காங்கிரஸ் அதை நீக்கியது. பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று பழிக்கும் வரியோ அப்படியே நின்றுவிட்டது. எதை வெட்டினார்கள், எதை விட்டார்கள் என்பதை வைத்து அந்தச் சபையை எடை போடலாம் என்பது என் கருத்து.

கேள்வி (ராயபுரம்): யாரை நம்ப வைக்க எழுதினார்கள்?

பதில்: அரசரை அல்ல. உண்மைகளை நடுநிலை உலகின் முன் வைக்கிறோம் என்று ஆவணமே சொல்கிறது. முக்கியமாக பிரான்சின் உதவி வேண்டியிருந்தது. 1778இல் உடன்படிக்கையும் கிடைத்தது.

கேள்வி (திருவொற்றியூர்): நம் அரசமைப்பின் முகவுரையில் இப்படிக் குற்றச்சாட்டு இல்லையே?

பதில்: 1949 நவம்பர் 26 அன்று அதை ஏற்றபோது ஆங்கிலேயர் போய்விட்டிருந்தார்கள், வாதாட எதிராளி இல்லை. ஒப்பிட வேண்டியது 1930 ஜனவரி 26 அன்று ஊர் ஊராக வாசிக்கப்பட்ட பூரண சுயராஜ்ய உறுதிமொழி. உரிமையைப் பறிக்கும் அரசை மாற்றவோ ஒழிக்கவோ மக்களுக்கு உரிமை உண்டு என்று அதே பாணியில் தொடங்கினாலும், அது அரசரைக் கூண்டில் ஏற்றாமல் இந்தியாவிலுள்ள பிரிட்டிஷ் அரசாங்கத்தையே ஏற்றுகிறது. நாளொன்றுக்கு ஏழு பைசா சராசரி வருமானம், நிலவரி, உப்பு வரி, அழிந்த கை நூற்புத் தொழில் என்று கேட்பவரின் வீட்டுக் கணக்கையே சாட்சியாக நிறுத்துகிறது.