பணக் கணக்கில் ஆற்றல் எங்கே? – கேள்வி பதில்

பொருளாதார மாதிரிகளில் ஆற்றலுக்கு இடமே இல்லையா, ஐயா?

இருக்கிறது, ஓரத்தில். 1956-இல் பொருளியலாளர் ராபர்ட் சோலோ தந்த வளர்ச்சி மாதிரியில் மூலதனமும் உழைப்பும்தான் உள்ளீடுகள். அவற்றால் விளக்க முடியாத வளர்ச்சி முழுவதும் தொழில்நுட்பத்தின் கணக்கில் போனது. பின்னால் வந்தவர்கள் ஆற்றலைச் சேர்த்தார்கள். ஆனால் மொத்தச் செலவில் அதற்குள்ள பங்கையே அதன் எடையாக வைத்தார்கள். அந்தப் பங்கு 5 சதவீதம் என்று கொள்வோம். உள்ளீடுகளிலிருந்து உற்பத்தியைக் கணக்கிடும் வழக்கமான காப்–டக்ளஸ் சமன்பாட்டில் ஆற்றலை மட்டும் 90 சதவீதம் வெட்டிப் பாருங்கள். உற்பத்தி வெறும் 11 சதவீதம்தான் குறைகிறது! எரிபொருளும் மின்சாரமும் பத்தில் ஒரு பங்காகிவிட்ட உலகம் இப்படியா ஓடும்? மலிவாகக் கிடைப்பதை அற்பமானதாக எடுத்துக்கொண்டதன் விளைவு இது.

அதை எப்படித் திருத்துவது?

முதலில் பதிலீட்டு நெகிழ்ச்சியில், அதாவது ஓர் உள்ளீட்டுக்குப் பதிலாக இன்னொன்றை எவ்வளவு எளிதில் பயன்படுத்தலாம் என்ற அளவில், கை வைக்க வேண்டும். காப்–டக்ளஸ் அதை 1 என்று எடுத்துக்கொள்கிறது. உலைக்கு வெப்பம் இல்லையென்றால் எத்தனை ஆட்களை நிறுத்தினாலும் இரும்பு உருகாது. ஆகவே குறுகிய காலத்திலாவது அது 1-க்கு வெகு கீழே இருக்க வேண்டும். அடுத்து, ஆற்றலை எடுக்கவே ஆற்றல் செலவாகிறது. ஒரு பங்கு செலவிட்டு 20 பங்கு எடுத்தால் 95 சதவீதம் மிஞ்சும். 10 எடுத்தால் 90. 5 எடுத்தால் 80. 2 எடுத்தால் பாதிதான். சரிவு மெதுவாகத் தொடங்கிக் கடைசியில் செங்குத்தாகிறது. பல மாதிரிகள் இந்த வளைவைப் பார்ப்பதே இல்லை.

இயந்திரத் திறன் கூடினால் போதாதா?

வெப்ப இயந்திரங்களின் திறனுக்கு இயற்பியலாளர் கார்னோ வகுத்த உச்சவரம்பு உண்டு. தவிர, திறன் கூடினால் நிலக்கரிப் பயன்பாடு பெருகவே செய்யும் என்று 1865-லேயே பொருளியலாளர் ஜெவன்ஸ் எச்சரித்தார். எல்லாத் துறையிலும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

வளங்கள் அருகி விலை ஏறும் என்ற உயிரியலாளர் பால் ஏர்லிக்குடன், 1980-இல் ஐந்து உலோகங்களின் விலையை வைத்துப் பத்தாண்டுப் பந்தயம் கட்டிய பொருளியலாளர் ஜூலியன் சைமன் வென்றாரே?

வென்றார். பத்தாண்டு விலை, சந்தையின் அன்றைய நிலையைச் சொல்லும். தாதுவின் தரத்தைச் சொல்லாது.

ஆற்றல் கூடாமல் வருமானம் மட்டும் வளராதா?

ஓரளவு வளரும். பிரிட்டனில் உற்பத்தி உயர, கரியமில உமிழ்வு குறைந்திருக்கிறது. ஆற்றல் பயன்பாடே ஆண்டுக்கு 2.3 சதவீதம் வளர்ந்தால்தான் விபரீதம்: நூறாண்டில் பத்து மடங்கு, நானூறு ஆண்டில் பத்தாயிரம் மடங்கு. பூமிமேல் விழும் சூரிய ஒளி முழுவதும் அதற்குப் போதாது.

அப்படியானால் பொறுப்பை இயற்பியலாளர்களிடமே விட்டுவிடலாமா?

வேண்டாம். உலக வளர்ச்சிக்கு வளங்கள் இடும் வரம்பைக் கணினி மாதிரியில் ஆராய்ந்து 1972-இல் வந்த 'வளர்ச்சியின் எல்லைகள்' அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள்: அந்த மாதிரியில் விலை என்ற ஒன்றே இல்லை. தட்டுப்பாடு வந்தால் மக்கள் எதைக் குறைப்பார்கள், எதற்கு மாறுவார்கள் என்பதை வெப்ப இயக்கவியல் சொல்லாது.