அப்பாவை வில்லனாக்க வேண்டாம்

கேள்வி: ஜப்பானிய மலைக்கிராமத்தில் பிளஸ் டூ படிக்கும் இருவரின் காதலைக் குறுநாவலாக எழுதுகிறேன். பெண்ணின் அப்பா அடியாட்களை வைத்துப் பையனை மிரட்டுகிறார். ‘ஜப்பான் மாதிரியே இல்லை’ என்கிறார்கள் நண்பர்கள். மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: அப்பாவிடம்தான். பாவம், அவரை வயல் வேலைக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் ஜோடிக்கு எதிரி மார்ச் மாதம். அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. பள்ளி முடித்த பிள்ளைகளில் பலர் படிப்புக்கோ வேலைக்கோ டோக்கியோ, ஒசாகா என்று கிளம்பிவிடுவார்கள். கிராமத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் முதியவர்கள்தான். ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் கியூ-ஷிராதாக்கி என்றொரு குட்டி ரயில் நிலையம் இருந்தது. கடைசிக் காலத்தில் அங்கே வழக்கமாக ஏறிய ஒரே ஆள் ஒரு பள்ளி மாணவி. அவள் படிப்பை முடித்த அதே 2016 மார்ச்சில் நிலையத்தையும் மூடிவிட்டார்கள். இதைவிடப் பெரிய வில்லன் எதற்கு?

ஒற்றைப் பெட்டி டீசல் ரயில், அதைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரக் காத்திருப்பு. உங்கள் காதல் வளர வேண்டிய இடம் அந்த ரயில் நிலைய பெஞ்சுதான். நீங்களோ இரண்டாம் பக்கத்திலேயே கட்டிப்பிடிக்க வைத்துவிட்டீர்கள். அங்கே ஒருவர் வாய்விட்டு, ‘பிடித்திருக்கிறது, என்னோடு பழகுவாயா?’ என்று கேட்டு, மற்றவர் சரி என்ற பிறகுதான் பொதுவாக ஜோடி என்றே கணக்கு. கேட்கத் தைரியம் வராத அந்த மாதங்களில்தான் கதையே இருக்கிறது. பிப்ரவரி 14 அன்று சாக்லேட் கொடுப்பவள் பெண். பையன் பதில் செய்ய மார்ச் 14 வரை நேரம் இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்கே ஓர் அத்தியாயம் கொடுக்கலாம். பள்ளியின் கடைசி நாளில், பையனின் சீருடைக் கோட்டில் நெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பொத்தானைப் பெண் கேட்டு வாங்கும் வழக்கமும் உண்டு. மூன்று அத்தியாயத்திலும் அதைக் காணோமே!

திருவிழாக் காட்சி நன்றாக வந்திருக்கிறது, கை வைக்காதீர்கள். ஆகஸ்ட் நடுவில், முன்னோரை நினைவுகூரும் ஓபோன் பண்டிகைக்கு வெளியூர்ப் பிள்ளைகள் ஊர் திரும்புவதும், மேடையைச் சுற்றி ஊரே ஆடுவதும் உண்மைதான். ஆனால் அதே இரவில் சகுரா, அதாவது செர்ரிப் பூ, உதிர்கிறதே, அது நடக்காது. ஆகஸ்டில் சில்வண்டு கத்தும், வியர்வை வழியும், அவ்வளவுதான். பூவை ஏப்ரலுக்குத் தள்ளுங்கள். கதை ஹொக்கைடோவில் என்றால் மே தொடக்கத்துக்கு.