கடன் பாக்கியும் பாதுகாப்பு அனுமதியும்

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன் நான். ராணுவ ஒப்பந்த நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. 'சீக்ரெட்' கிளியரன்ஸ் (ரகசியத் தகவல்களைப் பார்ப்பதற்கான பாதுகாப்பு அனுமதி) வேண்டுமாம். இரண்டு வருடத்துக்கு முன் வேலை போனபோது மூன்று கிரெடிட் கார்டுகளில் 14,000 டாலர் கட்டாமல் நின்றுவிட்டது. ஒன்று வசூல் ஏஜென்சிக்குப் போய்விட்டது. "ஏழு வருஷத்தில் கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து தானாகப் போய்விடும், படிவத்தில் எழுதாதே" என்கிறார் நண்பர்.
- வாசகர், வர்ஜீனியா

பதில்: நண்பர் சொல்வதைக் கேட்டால் வேலையே போய்விடும். பாதுகாப்பு அனுமதிக்காக நீங்கள் நிரப்பும் எஸ்எஃப்-86 படிவத்தின் 26ஆம் பிரிவு கடந்த 7 ஆண்டுகளில் வசூலுக்குப் போன கணக்கு, வங்கி 'சார்ஜ் ஆஃப்' செய்த கணக்கு, 120 நாளுக்கு மேல் பாக்கி நின்ற கணக்கு எல்லாவற்றையும் கேட்கிறது. அடுத்தவர் கடனுக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் சேர்த்தி. விசாரணையில் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை எப்படியும் எடுத்துப் பார்ப்பார்கள். கடனுக்குக் காரணம் சொல்லலாம். மறைத்ததற்கு என்ன சொல்வீர்கள்? அது நேர்மைப் பிரச்சினையாகத் தனியே எழும். தெரிந்தே பொய் எழுதுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமும்கூட.

அனுமதி தரலாமா என்று முடிவு செய்ய 2017 ஜூன் முதல் நடப்பில் உள்ள வழிகாட்டு நெறியில் கடனுக்கான பகுதி 'எஃப்'. இத்தனை டாலருக்கு மேல் இருந்தால் அனுமதி இல்லை என்று அதில் வரம்பு ஏதும் கிடையாது. வேலையிழப்பு, விவாகரத்து, எதிர்பாராத மருத்துவச் செலவு போல உங்கள் கையை மீறிய காரணமா, அதன் பிறகு நீங்கள் பொறுப்பாக நடந்துகொண்டீர்களா என்பதுதான் கேள்வி. முதல் பாதி உங்களிடம் இருக்கிறது. இரண்டாவதைத்தான் இனி காட்ட வேண்டும்.

முதலில் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கிரெடிட் நிறுவனங்களிலும் ரிப்போர்ட் எடுத்துக் கணக்கு எண்களை ஒப்பிடுங்கள். வசூலுக்குப் போன கடன் வேறு நிறுவனத்துக்குக் கைமாறியிருக்கலாம். பணம் இப்போது யாருக்குச் சேர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். குறைத்துத் தீர்க்க ஒப்புக்கொண்டால் அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகே கட்டுங்கள். மாதம் 500 டாலர் கட்டுகிறேன் என்று வீராப்பாகச் சொல்லி மூன்றாம் மாதமே நிறுத்துவதைவிட, 150 டாலரைத் தவறாமல் கட்டுவது மேல். ஒப்பந்தக் கடிதம், அந்தத் தொகை கணக்கிலிருந்து போனதைக் காட்டும் வங்கி ஸ்டேட்மென்ட், வேலையிலிருந்து நிறுத்திய கடிதம், மாத வரவு செலவுக் கணக்கு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

'சார்ஜ் ஆஃப்' என்றால் தள்ளுபடி என்று பலர் நினைக்கிறார்கள். வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் நஷ்டம் எழுதிக்கொண்டது, அவ்வளவுதான். கடன் உங்கள் தலையில்தான் இருக்கிறது. ஏழு ஆண்டில் ரிப்போர்ட்டை விட்டுப் போனாலும் அது தீர்த்ததாக ஆகாது. வருமான வரிப் படிவம் ஏதாவது தாக்கல் செய்யாமல் விட்டிருந்தால் கார்டு கடனைவிட அதை முதலில் கவனியுங்கள்.

கேள்வி: கடன் பாக்கிக்காக அனுமதியை ஏன் மறுக்க நினைக்கிறார்கள் என்று சொல்லும் 'காரண அறிக்கை' எனக்கு வந்தே விட்டது. இப்போது கட்டத் தொடங்கினால் பலன் உண்டா?
- வாசகர், மேரிலாந்து

பதில்: உண்டு, ஆனால் கொஞ்சம்தான். நோட்டீஸ் வந்த பிறகு தொடங்கிய தவணையை நிர்ப்பந்தத்தில் கட்டுவதாகவே எடுத்துக்கொள்வார்கள். ராணுவ ஒப்பந்த நிறுவன ஊழியர் என்றால் பதில் தர 20 நாள். ஒவ்வொரு கடனுக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' அல்லது 'மறுக்கிறேன்' என்று தனித்தனியாக எழுதி, ஆவணத்தை இணைத்து, நீதிபதி முன் நேரடி விசாரணை வேண்டுமா என்பதையும் குறிப்பிடுங்கள். அவகாசம் போதாது என்றால் கெடு முடியும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.