1920களின் அமெரிக்கச் செழிப்பு எல்லோரையும் எட்டியதா?

இல்லை என்பதே என் பதில். நகரங்களில் செழிப்பு உண்மையாகவே இருந்தது. 1908-இல் 850 டாலருக்கு விற்ற ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார், தொடர் உற்பத்தி முறையால் 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. தவணை முறையும் பரவியதால், முழுத் தொகை கையில் இல்லாத தொழிலாளியும் காரும் வானொலிப் பெட்டியும் வாங்கினார். ஆனால் அந்த நுகர்வில் பெரும்பகுதி வருங்காலக் கூலியை முன்கூட்டியே செலவழித்ததுதான்.

உழவர்களின் நிலையோ வேறு. முதல் உலகப் போர்க்காலத்தில் ஐரோப்பாவுக்கு உணவளிக்கக் கடன் வாங்கி நிலமும் இயந்திரமும் வாங்கியவர்கள், 1920-க்குப் பின் கோதுமை, பருத்தி விலைகள் சரிந்தபோது அக்கடனைத் தீர்க்க இயலாமல் தவித்தார்கள். விளைபொருள் விலையைத் தாங்கிப்பிடிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் கூலிட்ஜ் 1927-லும் 1928-லும் தடுத்து நிறுத்தினார். அக்காலத்தை மதிப்பிடுவோர் இதை அடிக்குறிப்பாக ஒதுக்குவது பெருந்தவறு என்று கருதுகிறேன்.

செழிப்பைப் போலவே உரிமைகளும் எல்லோரையும் எட்டவில்லை. 1920-இல் அரசியலமைப்பின் 19-ஆவது திருத்தம் பாலின அடிப்படையில் வாக்குரிமையை மறுப்பதைத் தடைசெய்தது. எனினும், தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தும் சூழ்ச்சிகள் தொடர்ந்தன. 1923-இல் உச்ச நீதிமன்றம், அமெரிக்கக் குடியுரிமை கோரிய இந்தியரான பகத் சிங் திண்டின் வழக்கில், குடியுரிமை பெறத் தகுதியானவர்களாக அன்றைய சட்டம் குறிப்பிட்ட வெள்ளையருள் இந்தியர்கள் அடங்க மாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலர் அதை இழந்தனர். அடுத்த ஆண்டே வந்த குடியேற்றச் சட்டம், ஆசியர்களுக்குக் கதவை ஏறத்தாழ முழுவதுமாக அடைத்தது.