முதலில் அந்த விரலை எடுங்கள்

கேள்வி: நானும் என் நண்பரும் பாதிப்பாதியாகப் பணம் போட்டு விசைப்படகு வாங்கினோம். என் மூத்த மகனுக்கு அவர்தான் ஞானத்தந்தை. நான் கடலுக்குப் போவேன்; கரைக்கணக்கு அவர் கையில். இரண்டு வருடமாக இறாலில் ஒரு பகுதியை வேறு வியாபாரிக்குப் போட்டுவிட்டு எனக்குக் கணக்கே காட்டவில்லை. இது தெரியாமல், நஷ்டம் என்று நம்பி மனைவியின் நகையை அடகு வைத்தேன், அது மூழ்கிவிட்டது. இப்போது, "மன்னித்துவிடு, தடைக்காலம் முடிந்ததும் பழையபடி சேர்ந்தே தொழில் பார்ப்போம்" என்கிறார். தினமும் இரவில் ஜெபித்துவிட்டு, கண்ணை மூடி விவிலியத்தைத் திறந்து விரல் வைத்துப் பார்க்கிறேன். ஒரு நாள் மன்னிக்கச் சொல்லி வருகிறது. மறுநாள் சாபமாக வருகிறது. ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கும் போய் வந்தேன். ஆண்டவர் என்னதான் சொல்கிறார்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தங்கச்சிமடம்

பதில்: முதலில் அந்த விரலை எடுங்கள்.

ஜிபிஎஸ் கருவியில் புள்ளி பார்க்காமல் நீங்கள் கடலுக்குப் போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுக்கானைத் திருப்புகிற ஆளை உங்கள் படகில் ஏற்றவும் மாட்டீர்கள். விவிலியத்துக்கு மட்டும் ஏன் கண்ணை மூடுகிறீர்கள்? அது கிளி ஜோசியக்காரரின் அட்டைக்கட்டு அல்ல. ஓரியூருக்குப் போனதில் தவறில்லை. 1693-இல் அருளானந்தர் இரத்தம் சிந்திய செம்மண் அது, நெற்றியில் பூசியிருப்பீர்கள். ஆனால் அந்த மண் உங்கள் கரைக்கணக்கைப் பார்த்துத் தராது.

கண்ணைத் திறந்து 1 சாமுவேல் 23-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். பெலிஸ்தியர் கெயிலா ஊரின் களங்களைக் கொள்ளையடித்தபோது, தாவீது போய் அந்த ஊரைக் காப்பாற்றினார். அடுத்து, தாவீதைக் கொல்லத் தேடிக்கொண்டிருந்த அரசர் சவுல் அவரை அங்கே பிடிக்கத் திட்டமிடுகிறார். தாவீது ஆண்டவரிடம் என்ன கேட்டார் தெரியுமா? "எனக்கு ஏன் இப்படி?" என்று கேட்கவில்லை. சவுல் இங்கே வருவாரா? இந்த ஊரார் என்னை அவர் கையில் ஒப்படைப்பார்களா? இரண்டே கேள்விகள். வருவான், ஒப்படைப்பார்கள். பதிலும் அவ்வளவுதான். ஆறுதலாக ஒரு சொல் இல்லை. தான் காப்பாற்றிய ஊரே தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்ததும், தாவீது ஊரைக் கொளுத்தவில்லை, சபிக்கவில்லை. ஏறத்தாழ 600 ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிட்டார்.

அப்படியானால் எல்லோரும் விட்டுவிட்டுப் போகவேண்டியதுதானா? இல்லை. அதே தாவீது, 30-ஆம் அதிகாரத்தில், தான் குடியிருந்த சிக்லாகு ஊரை எரித்துக் குடும்பங்களைத் தூக்கிச் சென்ற அமலேக்கியரைத் துரத்தட்டுமா என்று கேட்கிறார். துரத்து என்று பதில் வருகிறது. ஆளுக்கும் நேரத்துக்கும் தகுந்த பதில். அதனால்தான், 'ஆண்டவர் எனக்கு இப்படிச் சொன்னார்' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் சாட்சியத்தைக் கேட்டு நீங்கள் முடிவெடுக்கக் கூடாது என்கிறேன்.

நீங்கள் இரண்டு கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறீர்கள். மன்னிப்பதா என்பது ஒன்று. அதற்கு இயேசு எப்போதோ பதில் சொல்லிவிட்டார்: எழுபது தடவை ஏழுமுறை. ஒரே இரவில் நெஞ்சு ஆறாது, போகட்டும். வழி தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். படகில் மறுபடி சேர்த்துக்கொள்வதா என்பது வேறு கேள்வி. மத்தேயு 18:22-ஐ எல்லோரும் உங்களுக்கு ஓதியிருப்பார்கள். ஏழு வசனத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். தவறு செய்த சகோதரனிடம் தனியாகப் போய் அவன் குற்றத்தை எடுத்துச் சொல். கேட்காவிட்டால் ஒருவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் மசியாவிட்டால் திருச்சபையில் சொல். மறுபடி பணம் போடு என்று அங்கே ஒரு வரியும் இல்லை.

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்திலும் தேடினேன்: எவ்வளவு பணம் என்று எங்குமே இல்லை. அவர் மன்னிப்புக் கேட்டாரே, தொகையைச் சொன்னாரா? நீங்கள் கேட்டீர்களா? கேட்டால் நட்பு கெட்டுவிடும் என்று பயந்து, அந்தக் கேள்வியை ஆண்டவர் தலையில் சுமத்திவிட்டீர்கள் என்பது என் சந்தேகம்.

கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு என்று யார் சொன்னது? யோவான் 21-இல், உயிர்த்த ஆண்டவரே கரையில் கரிநெருப்பு மூட்டிக் காத்திருக்கிறார். அந்த நிலையிலும் வலையில் கிடந்தவை 153 மீன்கள் என்று எண்ணிக்கை இருக்கிறது. தொழில்காரர்கள் அல்லவா! சாப்பாடு முடிந்ததும், தன்னை மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம் ஆண்டவர் மூன்று முறை கேள்வி கேட்கிறார். பேதுரு வருந்துகிறார். வருந்தட்டும் என்றே கேட்கிறார். கேட்ட பிறகே ஆடுகளை ஒப்படைக்கிறார். உங்கள் நண்பரும் கொஞ்சம் வருந்தட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தானே நிற்கின்றன? உங்கள் படகும் மராமத்துக்கு ஏறியிருக்கும். கணக்கு நோட்டையும் அப்போதே பிரியுங்கள். அவர் வியாபாரியின் சீட்டுகளைத் தானாகக் கொண்டுவந்து வைத்தால் அது ஒரு பதில். நோட்டைத் தொடாமல் அழுதால் அதுவும் ஒரு பதில். எப்படியானாலும் மகனுக்கு அவர் ஞானத்தந்தையாகவே இருக்கட்டும். நாளை கல்யாணப் பந்தலில் முன்வரிசையில் உட்காரட்டும். படகில் பங்கு என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. மூழ்கிய நகை உங்களுடையது அல்ல. சேர்வதா பிரிவதா என்று நண்பர் பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள், என்னிடமும் கேட்கிறீர்கள். உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. தனியாகப் பேசி ஒத்துவராமல் 'ஒருவர் இருவரை' அழைத்துப் போக நேர்ந்தால், அந்த ஒருவராக முதலில் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.