மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி இருக்கிறது. அதில் ஒரு சின்னக் குளம் வெட்டி, சுற்றிவர மரம் வைக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வியோடு இன்னும் மூன்று விசயம் கேட்டிருக்கிறீர்கள்: எவ்வளவு ஆழம் வெட்டுவது, அடியில் பொலித்தீன் சீற் விரிக்க வேண்டுமா, மீன் விடலாமா. காணி வெல்லாவெளிப் பக்கம், கிழக்கே சரியும் நிலம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இதே மாதிரிக் காணியில் குளம் வெட்டி வைத்திருப்பவன். அயலில் மற்றவர்கள் வெட்டும்போதும் கூடமாட நின்றிருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில், யூடியூபில் பார்த்த குளங்களை மறந்துவிடுங்கள். அவற்றில் பாதி, வருடம் முழுக்க அளவாக மழை பெய்யும் நாடுகளில் வெட்டியவை. நமக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். மறுகா பங்குனி தொடங்கிப் புரட்டாதி மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஆகவே உங்கள் குளம் கார்த்திகையில் உடையக் கூடாது, ஆவணியில் காயக் கூடாது. கல் பதிப்பது, வாங்கு போடுவது, பூ வைப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆழத்தைப் பற்றிச் சொல்கிறேன். தென்மேற்கால் வரும் கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் திறந்த தண்ணீரில் நாளொன்றுக்கு 5, 6 மில்லிமீற்றர் ஆவியாகப் போகும். மாதத்துக்கு அரை அடி என்று வையுங்கள். ஆறு மாதத்தில் மூன்று அடி. 'மூன்று அடிதானே, ஆறடி வெட்டினால் பாதி மிஞ்சும்' என்று கணக்குப் போடுவார்கள், அது பிழை. குளத்தின் பக்கங்கள் சரிவாகத்தான் இருக்கும், ஆகவே மேலே அகலம், கீழே ஒடுக்கம். மேல்வாய் 60 அடிக்கு 40 அடி, ஆழம் 8 அடி, ஓரடி இறங்க இரண்டடி உள்ளே போகும் சரிவு என்று ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். அது சுமார் 9,100 கன அடி, அதாவது இரண்டரை லட்சம் லீற்றர் பிடிக்கும். மேல் மூன்றடியில் மட்டும் 5,500 கன அடி இருக்கிறது. அந்த மூன்றடி போனால் நூற்றுக்கு அறுபது பங்கு தண்ணீர் போய்விட்டது. மிச்சம் ஒரு லட்சம் லீற்றர், நடுவில் ஐந்தடி ஆழம். மீனும் தப்பும், தோட்டத்துக்கும் கொஞ்சம் இறைக்கலாம். இதிலும் மண் உறிஞ்சுவதைச் சேர்க்கவில்லை. ஆகவே எட்டடிக்குக் குறைய வேண்டாம் என்பது என் முடிவு. நீட்டுக் குளத்தை விடச் சதுரமாகவோ வட்டமாகவோ வெட்டுவது நல்லது, ஒரே அளவு தண்ணீருக்குக் கரை குறையும்.

நிரம்புமா என்ற பயம் வேண்டாம். குளத்துக்கு மேலே அரை ஏக்கர் சரிவு கிடைத்தால் போதும். மாரியில் பெய்கிற ஆயிரம் மில்லிமீற்றரில் கால்வாசி ஓடி வந்தாலே ஐந்து லட்சம் லீற்றர். குளம் இரண்டு தரம் நிரம்பும். பிரச்சினை அந்த இரண்டாவது தரத்தில்தான், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சீற் போடுவதா இல்லையா என்பதை மண் சொல்லும். மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தைக் கூப்பிட முன்னம், குளம் வரப்போகும் இடத்தில் இரண்டு மூன்று சோதனைக் கிடங்கு வெட்டுங்கள், ஒன்று கட்டாயம் கீழ்க்கரை வரும் இடத்தில். எங்கள் பக்கம் வெட்டினால் மேலே ஒன்றரை அடி சாம்பல் நிற மணல், அதன் கீழ் செம்மஞ்சள் கிரவல், அதற்கும் கீழேதான் களி வரும். சில இடத்தில் களிக்கு முன்னம் கல்லே வந்துவிடும். கீழ்மண்ணில் ஒரு பிடி எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, உள்ளங்கையில் பென்சில் மொத்தத்துக்கு உருட்டிப் பாருங்கள். விரலளவு நீளத்துக்கு உடையாமல் வந்து, வளைத்தாலும் வெடிக்காவிட்டால் அது தண்ணீர் தாங்கும் மண். உருட்ட முன்னமே உதிர்ந்தால் தாங்காது. மறுகா கிடங்கை வாய் வரை நிரப்பி, ஒரு இரவு விட்டு, திரும்ப நிரப்பிப் பாருங்கள். முதல் நாள் வற்றுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், காய்ந்த மண் குடிக்கத்தான் செய்யும். இரண்டாவது நிரப்பு எப்படி இறங்குகிறது என்பதுதான் கணக்கு.

களி இருந்தால் சீற் வேண்டாம். சீற் போட்டால் ஒரு மாடு இறங்கினாலே ஓட்டை, வெயில் படும் விளிம்பு சில வருடத்தில் நொறுங்கும். களி காணாவிட்டாலும், அந்தக் காசுக்கு வேறு இடத்தில் இருந்து நாலு லோட் களி ஏற்றி அடியில் பரப்பி, ஈரமாக்கி, மிதிக்க விடலாம். முந்தி எருமையை விட்டு மிதித்தார்கள். எருமைப் பட்டி வைத்திருக்கும் யாராவது தெரிந்தால் இன்றைக்கும் அதைவிட நல்ல வேலை இல்லை, ரோலர் ஓடாத மூலையிலும் குளம்பு போகும். உரொட்டவேற்றர் அடித்துக் குழப்பிவிட்டு உழவு இயந்திரத்தை ஏற்றி இறக்குவது இரண்டாம் பட்சம்.

(வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கமான எழுவான்கரையில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு: உங்களுக்கு இந்தக் கதை பொருந்தாது. கடற்கரை மணலில் நிலத்தடி நீர் மேலேயே கிடக்கும், வெட்டினால் அது பெரிய பூவல், அதாவது மணலில் தோண்டும் ஆழமில்லாத கிணறு மாதிரித்தான். ஊற்று தானே நிரப்பும். ஆனால் ஆழம் ஆழமாகப் போனாலோ, கோடையில் மோட்டர் போட்டு இறைத்தாலோ உப்பு ஏறும். அயல் கிணறும் சேர்ந்து கெடும்.)

இனிக் கட்டு, அதாவது தண்ணீரை மறிக்கும் மண் கரை. சரிவான காணியில் முழு ஆழத்தையும் தோண்டத் தேவையில்லை. மேல்பக்கம் வெட்டி எடுக்கும் மண்ணைக் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் கட்டாக எழுப்பினால் பாதி ஆழம் அதில் கிடைக்கும். ஆனால் பெக்கோ ஓட்டும் தம்பிமார் பழக்கத்தில் அள்ளின மண்ணை அப்படியே குவித்துவிட்டு, வாளியால் இரண்டு தட்டுத் தட்டி, "அண்ண, கட்டு சும்மா கல்லு மாதிரி இருக்கு" என்பார்கள். விடாதீர்கள். கட்டு வரும் இடத்தில் புல், வேர், மேல்மணல் எல்லாவற்றையும் முதலில் வழித்து எடுக்க வேண்டும். அதன் நடுவே நீளத்துக்கு ஒரு கான் வெட்டி, களிமண் தட்டும் மட்டும் இறக்கி, அந்தக் கானைக் களியாலேயே நிரப்பி இறுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மேலே எவ்வளவு நல்ல கட்டுக் கட்டினாலும் தண்ணீர் பழைய மணல் பட்டையால் கட்டுக்கு அடியில் போய்விடும். பிறகு அரை அடி அரை அடியாக மண் பரப்பி ஒவ்வொரு பட்டையையும் இறுக்க வேண்டும். ஆவணியில் மண் தூளாக இருக்கும், தூள் இறுகாது. பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்துத்தான் இறுக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கை நனையக் கூடாது, அந்த ஈரம் போதும். நல்ல களியைக் கட்டின் உள்பக்கத்துக்கும் நடுவுக்கும் போடச் சொல்லுங்கள், கிரவலை வெளிப்பக்கத்துக்கு.

தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு மேல் குறைந்தது இரண்டடி கட்டு உயர்ந்திருக்க வேண்டும். புது மண் முதல் மாரியில் படியும், அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் கூட்டியே போடுங்கள்.

நிரம்பி மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் வழியான வானைத்தான் எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள். சிலர் யோசிப்பதே இல்லை, கட்டுக்குள் நாலு அங்குலக் குழாய் ஒன்றைப் புதைத்துவிட்டு 'மிச்சத் தண்ணி அதால போகும்' என்கிறார்கள். கார்த்திகையில் ஒரே இரவில் கொட்டும் மழைக்கு அந்தக் குழாய் காணாது. இலை ஒன்று வாயை அடைத்தால் அதுவும் இல்லை. 2011 தை வெள்ளத்தில் மட்டக்களப்பும் அம்பாறையும் கிடந்த கிடை நினைவிருக்கும். அந்த மாதிரி மழையில் தண்ணீர் கட்டுக்கு மேலால் வழியத் தொடங்கினால் மண் கட்டுக்கு ஆயுசு கொஞ்ச நேரம்தான். வானைக் கட்டின் மேல் வைக்கக் கூடாது. கட்டு முடியும் அந்தலையில், வெட்டாத பழைய நிலத்தில், பத்தடி அகலத்துக்குத் தட்டையாக வெட்டி, அறுகு பதித்து, தண்ணீர் பரந்து மெதுவாக இறங்க விட வேண்டும். கட்டு உச்சியை விட வான் இரண்டடி தாழ இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய உள்ளே தெரியும் பிளாஸ்ரிக் குழாய் ஒன்று போதும், எந்த மேசன் கையிலும் இருக்கும். வான் தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்பதையும் இப்போதே பாருங்கள். கீழே வயல் இருந்தால், அந்த வட்டையின் நீர்ப் பாய்ச்சலைக் கவனிக்கும் வட்டவிதானையோடும் வயல்காரரோடும் ஒரு சொல் பேசிவையுங்கள். விதைத்த வயலில் உங்கள் வான் பாய்ந்த பிறகு பேசப் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

மரத்துக்கு வருவோம். கட்டில் மரம் வைக்க வேண்டாம், தென்னையும் வேண்டாம். வேர் போகும் வழியில் தண்ணீர் போகும், மரம் பட்டு வேர் உக்கினால் அது குழாயே ஆகிவிடும். கட்டுக்கு அறுகு மட்டும், வெளிச்சரிவில் குறுக்கே வரிசையாக வெட்டிவேர். மரமெல்லாம் மேற்கிலும் தென்மேற்கிலும், கரையில் இருந்து இருபது அடி தள்ளி. கச்சான் அந்தப் பக்கத்தால்தான் வருகிறது. காற்றை மறித்தால் ஆவியாவதும் குறையும், பின்நேரம் நிழலும் விழும். மருதும் வம்மியும் மாரியில் கால் நனைந்து நின்றாலும் தாங்கும், ஆகவே தண்ணீர் வரும் மேல்பக்கத்துக்கு அவை. கொஞ்சம் மேட்டில் இலுப்பை, நாவல், வேம்பு.

தண்ணீர் உள்ளே வரும் வாயில் பத்துப் பதினைந்து அடிக்குப் புல்லையும் பன்னையும் அடர்த்தியாக விடுங்கள், அதற்கு முன் ஒரு சின்னக் கிடங்கும் இருக்கட்டும். மண்டி அதிலேயே தங்கும், கோடையில் மண்வெட்டியால் அள்ளித் தோட்டத்துக்குப் போடலாம். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. வரண்ட வலயத்துப் பழைய குளங்களின் தலைப்பில் மரமும் புல்லும் விட்டிருப்பது இதற்குத்தான். அந்தக் குளத்தொடர் முறையைத்தான் 2017 இல் ஐநா உணவு விவசாய நிறுவனம் உலக விவசாய மரபுரிமை என்று ஏற்றுக்கொண்டது.

தாமரையும் அல்லியும் வைக்கலாம், ஆனால் பழைய சீமெந்துத் தொட்டியில் நட்டு இறக்குங்கள். நிலத்தில் விட்டால் சின்னக் குளத்தை முழுக்க மூடிவிடும். ஆற்றுவாழையின் (ஆகாயத்தாமரையின்) ஊதாப் பூவைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு செடியும் கொண்டுவர வேண்டாம். அதை ஒழிக்க இலங்கையில் 1909 இலேயே சட்டம் போட்டார்கள், இன்னும் ஒழியவில்லை. சல்வீனியாவும் அதே ரகம்.

மீன் கட்டாயம் விடுங்கள், நுளம்புக்காகவாவது. மார்கழி, தையில் குளம் நிரம்பித் தெளிந்த பிறகு குஞ்சு விட்டால் ஆவணிக்குள் பிடிக்கலாம். தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபைக்கு, அதுதான் நெக்டாவுக்கு, அம்பாறை இங்கினியாகலையில் குஞ்சு பொரிக்கும் நிலையம் இருக்கிறது. திலாப்பியா தன்பாட்டில் பெருகும், பெருகிப் பெருகி எல்லாம் சின்னதாகவே நின்றுவிடும். விரால் நாலைந்து தானாக வந்து சேர்ந்தால் துரத்த வேண்டாம், அது குஞ்சைத் தின்று கணக்கைச் சரிபார்க்கும். கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் கிளீனர் மீனை மட்டும் கொண்டுவந்து கொட்டாதீர்கள். அது கரையில் வளை தோண்டும்.

பிள்ளைகள் வந்துபோகும் காணி என்றால் வேலி வேண்டும், அதில் விவாதம் இல்லை. உள்ளே இறங்கும் இடத்தில் ஓரடி ஆழத்தில் மூன்றடி அகலப் படி ஒன்று விடுங்கள், தவறி விழுந்தாலும் கால் தட்டும். மாட்டுக்குக் கட்டுக்கு வெளியே தொட்டி வைத்துத் தண்ணீர் விடுங்கள், கட்டில் ஏறி இறங்க விட்டால் ஒரு வருடத்தில் கட்டு தேய்ந்துவிடும். யானை வெல்லாவெளிப் பக்கம் புதிதில்லை. கோடையில் தண்ணீர் தேடி வரும். ஆகவே குளத்தைச் சுற்றி வாழை, கரும்பு என்று விருந்து வைக்காதீர்கள். தேசியும் தோடையும் அது அவ்வளவு விரும்பாது. குளம் வீட்டுக்கும் நெல் வைக்கும் அறைக்கும் கிட்டவும் வேண்டாம்.

கடதாசி வேலையை இப்போதே தொடங்கலாம். மேட்டுக்காணி என்று நீங்கள் சொன்னாலும், கமநல சேவை நிலையத்தின் நெற்காணி இடாப்பில் அது வயலாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிந்திருந்தால் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி எழுத்தில் அனுமதி வேண்டும். உறுதிக் காணி இல்லை, அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகத்துக்கும் போக வேண்டும். நான் மேலே சொன்ன அளவு முழுவதையும் தோண்டியே எடுத்தால் கிளறிய மண் நூறு கியூப்புக்கு (ஒரு கியூப் நூறு கன அடி) மேல் வரும். அதைக் காணிக்குள்ளேயே கட்டுக்கும் மேட்டுக்கும் போட்டு முடியுங்கள். டிப்பரில் ஏற்றி வெளியே விற்கப் போனால் புவிச்சரிதவியல் பணியகத்தின் அனுமதி இல்லாமல் வழியில் பொலிஸ் மறிக்கும். கடிதங்கள் கையில் வந்ததும் பெக்கோவுக்கு ஆவணிக் கடைசியில் நாள் கேளுங்கள். கொந்தராத்துப் பேசாமல் மணித்தியாலக் கணக்கில் பேசுங்கள், கொந்தராத்து என்றால் மண்ணை இறுக்க ஒருவரும் நிற்க மாட்டார்கள்.