கறுப்பு மண் இறங்குகிறது, கால்வாயை ஆழமாக்கலாமா?

கேள்வி: கேரளத்து வட்டவடையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். மேலே சரிவில் பூண்டும் கேரட்டும் போடுகிறோம். கீழே பள்ளத்தில் முக்கால் ஏக்கர் சதுப்பு, தாத்தா காலத்தில் நெல் விளைந்த இடம். அப்பா நடுவில் கால்வாய் வெட்டி, ஓரத்தில் கிராண்டிஸ் (யூகலிப்டஸ் மரம்) நட்டு, அங்கேயும் கேரட் போட்டார். சில வருடம் அமோகமாக வந்தது. இப்போது மழையில் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகுகிறது, மாசியில் மண் வெடிக்கிறது, ஊற்றும் வற்றுகிறது. எல்லைக்கல் முழங்கால் உயரத்துக்கு வெளியே நிற்கிறது. ஜேசிபி வைத்துக் கால்வாயை ஆழமாக்கலாமா? நர்சரிக்காரர் ஒருவர் அந்தக் கறுப்பு மண்ணை லோடு கணக்கில் கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி. கால்வாயை ஆழமாக்காதீர்கள், அடைத்துவிடுங்கள்.

முதலில் ஒரு சோதனை. கால்வாய்க் கரையில் இரண்டடி ஆழத்திலிருந்து ஒரு பிடி ஈர மண்ணை எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் காப்பி டிகாஷன் போலத் தண்ணீர் வழிந்து, கையில் நாரும் வேரும் மிஞ்சினால் அது பீட் மண். பிழிந்ததை நிழலில் நன்றாகக் காய வைத்துத் தீ வையுங்கள். கனன்று எரிந்து கொஞ்சம் சாம்பல்தான் மிஞ்சும். களிமண் அப்படி எரியாது. (கடையில் விற்கும் கோகோபீட் வேறு, அது தேங்காய் நார்க்கழிவு.)

இந்த மண், தண்ணீருக்குள் காற்றில்லாமல் மக்காமல் கிடந்த புல்லும் கோரையும்தான். வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் சேரும். நீலகிரிச் சதுப்புகளில் எடுத்த பீட் மண்ணின் வயது 20,000 ஆண்டுகளைத் தாண்டுகிறது. தண்ணீரை வடித்ததும் காற்று புகுந்து மக்கத் தொடங்குகிறது. அப்பாவுக்கு முதல் சில வருடம் கிடைத்த விளைச்சல், அந்த மக்கலில் வெளிவந்த தழைச்சத்துதான். கைமுதலைத் தின்றுவிட்டு லாபம் என்று நினைத்த கதை. மண் கரைந்து காற்றோடு போகிறது, நிலம் இறங்குகிறது, கால்வாய் மேலே வந்த மாதிரி ஆகிறது, திரும்ப ஆழமாக்கத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851-இல் தரைமட்டம் வரை புதைத்த இரும்புத் தூண் இன்று சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. உங்கள் எல்லைக்கல்லும் அதே கதையைத்தான் சொல்கிறது. சுண்ணாம்பும் யூரியாவும் போட்டால் இந்த மக்கல் இன்னும் வேகமாகும்.

நானே முப்பது வருடத்துக்கு முன் இப்படி ஒரு பள்ளத்தில் வடிகால் வெட்டச் சொன்னவன். இன்று அங்கே சீகை (வாட்டில்) மரம்தான் நிற்கிறது.

சரி, எப்படி அடைப்பது? சிமெண்ட் தடுப்பணை கட்டாதீர்கள். மெத்தை மண்ணில் அது இறங்கும், தண்ணீர் பக்கவாட்டில் அரித்துக்கொண்டு ஓடும். உங்கள் கிராண்டிஸையே வெட்டி, கம்புகளை இரண்டு வரிசையாக நெருக்கி அடியுங்கள். இரண்டு பக்கமும் கரைக்குள் மூன்றடியாவது போக வேண்டும். நடுவில் அதே இடத்துப் பீட் மண்ணைப் புல்லோடு கட்டியாக வெட்டி மிதித்து இறுக்குங்கள். கால்வாயின் மேல்முனையிலிருந்து கீழே வாருங்கள். ஒரு தடுப்புக்கும் அடுத்ததற்கும் மட்ட வித்தியாசம் ஒரு சாணுக்கு மேல் போக வேண்டாம். கீழ்த்தடுப்பில் தேங்கும் நீர் மேல்தடுப்பின் அடியைத் தொட வேண்டும். நிரம்பினால் தண்ணீர் வாய்க்காலில் பாயாமல் இரு பக்கமும் பரவ வேண்டும், அதுதான் முக்கியம். வேலையைப் பங்குனி, சித்திரையில் முடித்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு பிவிசி குழாயில் ஓட்டை போட்டு நட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை குச்சி விட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தரையை ஒட்டி நிற்கட்டும், கோடையிலும் ஒரு முழத்துக்குக் கீழே போகக் கூடாது.

கிராண்டிஸ் அடிக்கட்டையைத் தோண்டாதீர்கள், துளிரை மட்டும் ஒடித்துக்கொண்டே இருங்கள். ஊற்றுக்கு மேல் களைக்கொல்லி வேண்டாம். கோடையில் சருகுக்குத் தீ வைப்பதும் கூடாது. பீட் மண் உள்ளே பற்றினால் வாரக்கணக்கில் புகையும், மழை வந்தால்தான் அடங்கும். மாடுகளை இரண்டு மூன்று மழைக்காலம் உள்ளே விடாமல், புல்லை அறுத்துக் கொண்டுபோய்ப் போடுங்கள்.

வருமானம்? பூண்டும் கேரட்டும் சரிவோடு நிற்கட்டும். ஈரத்தின் ஓரத்தில் சேம்பு போடலாம், நடுவில் கோரையும் புல்லும் தானாக வரும். ஓரமாகத் தாத்தாவின் நெல்லைக் கொஞ்சம் முயன்று பாருங்கள். தேங்கிய நீரில் மீத்தேன் வாயு வரும் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீரை வடித்தால் மண் மக்கிக் காற்றில் போகும் கரியோடு ஒப்பிட்டால் அந்தக் கணக்கு சிறியது. இறங்கிய மண் நம் ஆயுளில் திரும்பாது. ஊற்று ஒன்றிரண்டு மழையில் திரும்பக்கூடும். உங்கள் பள்ளத்துத் தண்ணீர்தான் பாம்பாறு வழியாக அமராவதிக்கும் போகிறது.

மண் விற்பனை பற்றி: கேரளத்தில் நெல்வயல், நீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம் 2008 முதல் இருக்கிறது. வரிச்சீட்டில் ‘நிலம்’ (நெல்வயல்) என்று போட்டிருக்கிறதா, ‘புரயிடம்’ (மேட்டு நிலம்) என்றா பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்தச் சீட்டோடு கிருஷி பவனில் (வேளாண் அலுவலகம்) கேளுங்கள், நர்சரிக்காரரின் லாரி வருவதற்கு முன்.